முத்துச்செடிக்கு மிச்சத் தண்ணீர்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், முதல் மாடி வீட்டில், டம்ளரில் மிஞ்சிய குடிதண்ணீரை யாரும் சிங்க்கில் கொட்ட மாட்டார்கள். அது அந்த வீட்டுச் சட்டம். போட்டவர் ஞானையா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பியூலாவின் மாமனார். ஏரிகள் வறண்டு, தெருமுனையில் லாரிக்காகக் குடமும் கையுமாக ஜனங்கள் அடித்துக்கொண்ட ஒரு கோடையில் பிறந்த சட்டம் அது. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். குடிப்பதற்குக் கேன் தண்ணீர். ஆகவே டம்ளரின் அடியில் ஒரு மடக்கு மிஞ்சினாலும் அது ஏதாவது ஒரு தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

நல்ல சட்டம்தான். செம்பருத்தி தழைத்தது, கறிவேப்பிலை தழைத்தது, மணி பிளான்ட் ஜன்னல் கம்பியெல்லாம் ஏறியது. ஆனால் நல்ல சட்டத்தால் செத்தவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

பியூலா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவாள், சாயங்காலம் வந்து மறுபடியும் சமைப்பாள். கணவர் சாலமோன் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஞாயிறு தவறாமல் கோயில். அதற்காகவே பியூலாவால் யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. சொன்னால், "உனக்கென்னம்மா, தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கம்தான். தங்கத்தைக் கரைத்தா குடிக்க முடியும்?

அவளுக்கென்று இருந்தவள் தங்கை எப்சி. குரோம்பேட்டையில்தான் அவளும் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் வாரத்தில் ஒரு நாள் அவள் வீட்டில் இறங்கி, ஒரு காபி குடித்து, மாமனாரைப் பற்றியும் கணவரைப் பற்றியும் வாய் வலிக்கப் பேசிவிட்டு வந்தால் மற்ற நாட்களை ஓட்டிவிடலாம். அந்த எப்சி ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். போய் வருஷம் திரும்பவில்லை, அவள் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். புடவைகளை நாத்தனார் எடுத்துக்கொண்டாள், தையல் மிஷின் மாமியாருக்கு, நகைகள் எங்கே என்று கேட்கவே வேண்டாம். பியூலா வாசலில் நின்றபோது அந்த மனிதர் பால்கனியைக் காட்டினார்.

"அந்தத் தொங்குற தொட்டியை வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணி. வர்றவளுக்கு செடி கொடியெல்லாம் ஆகாது."

இப்படித்தான் முத்துச்செடி சேலையூருக்கு வந்தது.

நர்சரியில் அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர். எப்சி வைத்த பெயர் முத்துச்செடி. இலை என்று ஒன்று கிடையாது. பச்சைப் பட்டாணியை நூலில் கோத்ததுபோலச் சரம் சரமாகத் தொட்டியிலிருந்து கீழே தொங்கும். அந்தப் பட்டாணிதான் இலை, அதுதான் அதன் தண்ணீர்க் குடமும். எப்சி உயிரோடிருந்தபோது அக்காவைக் கிண்டல் செய்வாள்.

"அக்கா, உங்க வீட்டு ஆளுங்க மாதிரி இதுக்கு தினமும் ஊத்தினா செத்துடும். ஒரு தடவை வயிறு முட்டக் குடு. அடியில ஓட்டை வழியா ஒழுகுற வரைக்கும் குடு. அப்புறம் மறந்துடு. மண்ணு சுத்தமா காயட்டும். முத்து லேசா சுருங்கும் பாரு, அப்பதான் அது தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்."

பியூலா அதை அப்படியே செய்தாள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி மண்ணில் செருகிப் பார்ப்பாள். குச்சியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் விட்டுவிடுவாள். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பாள். காய்ந்த தொட்டி காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும். ஒவ்வொரு முத்திலும் கண்ணாடிபோல ஒரு மெல்லிய கோடு இருக்கும், தாகமெடுத்தால் அது சுருங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ஊற்றுவாள். ஐப்பசி, கார்த்திகையில் ஈர்க்குச்சியோடு சரி, தண்ணீரே கிடையாது. எப்சியிடம் பேசியதுபோல அந்தச் செடியிடம் பேசவெல்லாம் மாட்டாள், அவள் அந்த ரகமில்லை. ஆனால் முத்தைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் தங்கையின் காது மடலைத் தொடுவதுபோல இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

மாமனாரிடமிருந்து அதைக் காப்பதுதான் பெரும்பாடு. அவர் கைக்கு எட்டாத உயரத்தில், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்து ஜன்னலில் மாட்டினாள். ஞானையா ஸ்டூல் போட்டு ஏறுகிற ஆள். பார்த்த அன்றைக்கே சண்டை பிடித்தாள்.

"மாமா, இதுக்கு மட்டும் வேண்டாம். அழுகிடும்."

"வெறும் ஒரு வாய் தண்ணிதானேம்மா?"

"ஒரு வாய்தான் மாமா கெடுக்கும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு நீங்கதானே பிள்ளைங்களுக்கு எழுதப் போடுவீங்க?"

அவர் சிரித்தார். "சரி" என்றார். அந்த வீட்டில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு அந்த ஒரு சொல்தான். இருந்தாலும் அவள் வீட்டில் இருக்கும்வரை ஒரு பயம் இருந்தது, செடி பிழைத்தது. சரங்கள் ஜன்னல் திண்டைத் தாண்டித் தொங்கின.

போன ஆடியில் பியூலாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று காலை, முத்துகள் சுருங்கியிருப்பதைப் பார்த்து, தொட்டியை இறக்கி அடியில் ஒழுக ஒழுக ஊற்றி, வடிய விட்டு, மறுபடியும் மாட்டினாள். அப்பாவையும் பிள்ளையையும் ஹாலில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"வயிறு நிறைய குடுத்துட்டேன். நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. வேற எதையும் நான் கேக்கலை."

"சரி" என்றார் சாலமோன். "சரிம்மா" என்றார் ஞானையா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் கண் திறந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெந்நீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். சாலமோன் சாயங்காலம் வந்தார். கையில் பைபிள், பிரெட் பாக்கெட்.

"என்னங்க, ஃப்ளாஸ்க்ல வெந்நீர் கேட்டேனே?"

"அட, மறந்தே போச்சு. நாளைக்கு எடுத்துக்கிட்டு வரேன்."

நாளைக்கும் மறந்தார். அதற்கு மறுநாள் ஃப்ளாஸ்க் வந்தது, உள்ளே தண்ணீர் இல்லை. கீழே கேன்டீனில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். கேன்டீன் மூடியிருந்தது. கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, மணியைப் பார்த்து எழுந்துகொண்டார்.

"இருட்டுறதுக்குள்ள போகணும் பியூலா. வீட்ல வேலை இருக்கு."

வீட்டில் என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. இவருக்கு வெந்நீர் போடத் தெரியாது, வேறென்ன வேலை தெரிந்துவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஜெயக்கொடி என்கிற அம்மாள்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாக்கா, ஒரு வாய் சுடுதண்ணிக்கா வாசலையே பாத்துகினு கீறே? என்னாண்ட கேட்டா இன்னா? வாயைத் தொற."

முன்பின் தெரியாத கை அது. பியூலா குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, தையல் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள்.

வீடு திரும்பிய அன்று ஆட்டோவிலிருந்து மாடி ஏறுவதற்குள் உயிர் போய் வந்தது. சாலமோன் கையைப் பிடித்து ஏற்றினார். படுக்கச் சொன்னார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள்.

தொட்டி கனத்துத் தொங்கியது. அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சரங்கள் பழுப்பேறி, கண்ணாடிபோல ஊறிப்போயிருந்தன. ஒன்றைத் தொட்டாள். முத்து விரலில் கூழாக நசுங்கியது. வேர்ப்பக்கம் சாக்கடை நாற்றம். மேலே மண்ணில் பாசி பிடித்திருந்தது.

"யாரு ஊத்துனது?"

குற்றவாளி யாரும் பதுங்கவில்லை. அதுதான் கொடுமை. ஞானையா பெருமையாக முன்னால் வந்தார்.

"ஒரு நாள்கூட விடலைம்மா. நீ இல்லைன்னு வாடிடக் கூடாதுல்ல? உனக்காக வீட்ல ஜெபக்கூட்டம் வெச்சோம். பாஸ்டர் வந்தார், பெண்கள் ஐக்கியத்துல இருந்து எல்லாரும் வந்தாங்க. அத்தனை டம்ளரும் சொட்டு வீணாக்காம இதுக்குத்தான் ஊத்துனேன். உன் செடியாச்சே!"

அவளுடைய சுகத்துக்காக ஜெபிக்க வந்தவர்கள் குடித்து வைத்த மிச்சம் எல்லாம் எப்சியின் தலையில் இறங்கியிருக்கிறது.

பியூலா கணவரைப் பார்த்தாள். "நீங்களுமா?"

சாலமோன் தலையைச் சொறிந்தார். "உன்னை அங்க போட்டுட்டு வந்து வீட்ல உக்காரவே முடியலை பியூலா. மனசெல்லாம் திக்கு திக்குன்னு இருந்துச்சு. உனக்கு ஏதாவது செய்யணும் போல இருந்துச்சு. சாயங்காலம் வந்த உடனே ஒரு சொம்பு எடுத்து செடிக்கு ஊத்துவேன். ஊத்துனாதான் தூக்கமே வரும்."

பொய் சொல்லவில்லை. அவர் குரல் தழுதழுத்ததுகூட உண்மை. அதைக் கேட்கக் கேட்கத்தான் பியூலாவுக்குக் கோபம் ஏறியது. வீட்டில் வேலை இருக்கிறது என்று இவர் ஓடி வந்தது இந்த வேலைக்குத்தானா? இந்த மனிதரிடம் பாசம் இல்லாமல் இல்லை. சொம்பு சொம்பாக இருந்திருக்கிறது. அது ஒரு நாளாவது அந்த ஃப்ளாஸ்க்குக்குள் வந்து சேர்ந்திருக்கலாம்.

"நான் வெந்நீர் கேட்டேனே" என்றாள்.

"மறந்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே?"

"எனக்கு ஊத்துறதை மறந்தீங்க. ஊத்தாதீங்கன்னு சொன்னதுக்கு ஒரு நாள்கூட மறக்கலை."

"கொஞ்சம் அழுகுன செடிக்குப் போய் இவ்ளோ கோபமா? தானா தழைச்சுக்கும், இல்லைன்னா நர்சரியில புதுசா வாங்கிக்கலாம். நல்ல பெரிய தொட்டியா வாங்கித் தரேன்" என்றார் சாலமோன். எப்சியைப் புதிதாக எந்த நர்சரியில் விற்கிறார்கள்?

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரே ஒரு சரத்தின் நுனி மட்டும் வெயில் பட்டு, நாலைந்து முத்தோடு, பச்சையாக இருந்தது. அழுகல் அதுவரை எட்டவில்லை. தையல் இழுக்க எக்கி நின்று அதைக் கத்தரித்தாள். காகிதத்தில் வைத்துத் தன் பீரோவின் மேல் நிழலில் காய வைத்தாள். வெட்டுவாய் காய்ந்தபின், குட்டி ஐஸ்கிரீம் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மணலும் செங்கல்தூளும் நிரப்பி, சரத்தைச் சுருட்டி மேலே வைத்தாள். லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று அதையும் கைப்பையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவள் மேஜைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே யாரும் அவள் பொருளைத் தொட மாட்டார்கள். இப்போது அது டப்பா விளிம்பைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டது. சேலையூர் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

வீட்டுத் தொட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. அழுகியதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, வெறும் மண்ணோடு பழையபடி அதே கொக்கியில் மாட்டினாள். முதலில் சோம்பல்தான். பிறகு ஒரு வேடிக்கையைக் கவனித்தாள். மறுநாளும் மாமனார் ஸ்டூல் போட்டு ஏறினார். சாயங்காலம் சாலமோன் சொம்போடு வந்து, நின்றபடியே கையை உயர்த்திக் கவிழ்த்தார். ஊற்றினார்கள். ஆவணி போய்ப் புரட்டாசியும் போயிற்று. ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அடியில் ஒழுகியதைப் பியூலா துணி போட்டுத் துடைத்தாள். உள்ளே செடி இருக்கிறதா என்று ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக இந்த வீட்டில் தனக்கு நடந்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

போன வாரம் பாஸ்டரின் மனைவி வீடு சந்திக்க வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். அவர் பாதி குடித்து வைத்ததும், சாலமோன் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"பியூலா ஆஸ்பத்திரியில இருந்தப்ப இருந்து செடிக்குத் தண்ணி ஊத்துறது என் பொறுப்புங்க. அவளுக்கு அந்தச் செடின்னா உசுரு."

"அப்படியா பிரதர்? நானும் பாக்கிறேன்" என்று அந்த அம்மாள் பின்னாலேயே வந்து, அண்ணாந்து தொட்டியைப் பார்த்தார். "என்ன செடி இது? ஒண்ணையும் காணோமே?"

சாலமோன் முதல்முறையாக ஸ்டூலில் ஏறி உள்ளே பார்த்தார். சேறு இருந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் பியூலா, அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "தினம் தினம் ஊத்துறவர் அவர்தான். அவரையே கேளுங்க."

சாலமோன் டம்ளரும் கையுமாக ஸ்டூலின் மேலேயே நின்றார். அந்த அம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது, ஹாலுக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஞானையா நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"டேய், குடிக்கிற தண்ணிடா! கீழே கொட்டிடாதே!"

சாலமோன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றினார்.