இன்டர்வியூவுக்கு முன்னாடியே கட்டின பேனர்

எனக்கு இன்னும் இடமே கிடைக்கலை. அதுக்குள்ள கடலூர் முதுநகர் ஸ்டேஷன் ரோட்டுல பத்தடி உயரத்துக்கு என் மூஞ்சி தொங்குது. பஸ் பாஸுல இருந்த போட்டோ. “வெளிநாடு செல்லும் எங்கள் குலவிளக்கை வாழ்த்தி வழியனுப்புகிறோம்”னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கீழ வரிசையா சொந்தக்காரங்க பத்துப் பேரு, கைகூப்பிக்கிட்டு. கட்டினது அம்மாவோட தம்பி, எங்க மாமா. அந்த ரோட்டுலதான் மெக்கானிக் கடை வெச்சிருக்காரு.

விஷயம் இதான். சிதம்பரத்துல கடல் உயிரியல் முடிச்சவ நான். நார்வேயில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல ஆறு மாசம் பயிற்சி. டிக்கெட், தங்குறது, சாப்பாடு எல்லாம் அவுங்க செலவு. வெளிநாட்டுப் பக்கமே கால் வைக்காத புதுப் பட்டதாரிங்களுக்கு மட்டும்தானாம். பாண்டிச்சேரியைத் தாண்டாத எனக்கு இந்த ஒரு தகுதி ஜாஸ்தியாவே இருந்துச்சு. விண்ணப்பத்தைப் பார்த்துட்டு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க, அவ்ளோதான். அதுக்கே இன்னும் நாலு நாள் இருந்துச்சு.

கடைக்குப் போய்க் கத்தினேன். புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வெச்ச கதையால்ல இருக்கு, கிடைக்கலைன்னா எந்த மூஞ்சியோட இந்த ரோட்டுல நடப்பேன்னு கேட்டேன். ஸ்பேனரைக் கீழ வெக்காமலே சொன்னாரு: “கிடைக்கும் பாப்பா. அவுக்க மாட்டேன்.” கடைக்குப் பின்னாடி இதுவரைக்கும் பார்க்காத ஒரு நீள ஏணி சாத்தியிருந்துச்சு. எதுக்குன்னு கேட்டேன். பல்பு மாட்டறதுக்குன்னாரு.

பால் வாங்கப் போனா எப்ப ஃப்ளைட்டுன்றாங்க. தாங்க முடியலை. சிதம்பரத்துல தோழி ரூமுக்கு ஓடிப்போய், அங்கேர்ந்துதான் வீடியோ இன்டர்வியூவுல உக்காந்தேன். பாடக் கேள்வியெல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியா, இந்த வாய்ப்பு உங்களுக்கு ஏன் முக்கியம்னாங்க. மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த பதிலை விட்டுட்டு, போன்ல இருந்த பேனர் போட்டோவைக் காட்டிட்டேன். சிரிச்சாங்க. இவுங்கல்லாம் யாருன்னு கேட்டாங்க.

இவரு ஆட்டோ ஓட்டுறாரு, இவரு துறைமுகத்துல ஐஸ் உடைக்கிறாரு, இவரு லைன்மேன்னு ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சேன். இவுங்கள்ல ஒருத்தர்கூட காலேஜ் வாசலை மிதிச்சதில்லை, ஆனா என் மார்க்கெல்லாம் இவுங்களுக்கு அத்துப்படின்னேன். சொல்லச் சொல்ல கோபம் எங்க போச்சுன்னே தெரியலை. என் மூஞ்சியை நம்பி தங்களோட மூஞ்சியைக் குடுத்தவங்க இவுங்கன்னு சொன்னப்ப, அப்படி ஒரு பெருமை எனக்கு.

ஊர் திரும்பின மறுவாரம் மெயில் வந்துச்சு. என்னை எடுத்துட்டாங்க. ஓடிப்போய் மாமாகிட்ட சொன்னேன். குதிப்பாருன்னு பார்த்தா, ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு ஒரு பழைய டயர் மேல உக்காந்துட்டாரு. அப்புறம் எழுந்து பின்னாடி போய், அந்த ஏணியைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தாரு. பல்பு மாட்டியாச்சான்னு கேட்டேன்.

“எந்த பல்பு? உனக்கு இல்லைன்னு வந்தா, நீ எழுந்து வெளிய வர்றதுக்குள்ள ஏறி பேனரை அவுத்துடலாம்னு லைன்மேன்கிட்ட இரவல் வாங்கி வெச்சிருந்தேன். இரு, குடுத்துட்டு வந்துடறேன்.”