குப்பைமேட்டில் எரிந்த நீலத் தீ

இன்று எங்கள் தெருவுக்கு நகராட்சி மேடம் வந்தார். குப்பைமேட்டில் குழாய் இறக்கி, அதில் கிளம்பும் கேஸில் கரண்டு எடுக்கப் போகிறார்களாம். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களும் வேண்டுமாம். கட்டாயம் இல்லை, வந்து பார்த்துவிட்டுப் பிடித்தால் சேரலாம் என்றார்.

யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த சரசக்காவின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

குப்பை லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, அந்தப் பக்கம் போகவே எனக்குத் தைரியம் இருந்ததில்லை. இன்று போனேன்.

சோதனைக்காக முன்பே இறக்கியிருந்த குழாயின் முனையில் மேடம் நெருப்பு வைத்தார். நீலமாக எரிந்தது.

“ஏனுங்க மேடம், இது எப்பக் கொட்டுன குப்பைங்க?”

“பழசும்மா. பல வருசம் ஆச்சு.”

“அப்ப எங்க ஊட்டுக்காரரு கொட்டுனதுங்க!”

நான் தீக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சரசக்கா விடவில்லை. “பாத்தியா புள்ள, உம்பட ஊட்டுக்காரரு இன்னும் டூட்டியிலதான் இருக்காரு!”

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அங்கேயே பெயரும் கொடுத்துவிட்டேன்.

அவர் இருந்தபோது, குப்பை வாடையோடு வருபவரைத் தினமும் வாசலிலேயே நிறுத்தி, “குளிச்சுப்போட்டு உள்ள வாங்க” என்பேன். இப்போது அதே வாடையோடு நான் வாசலில் நிற்கிறேன். குளிக்க மனசில்லை.

நீங்களே சொல்லுங்கள், அப்படியே உள்ளே போகலாமா?