மாஸ்டர் தூங்கப் போன மலை

எங்கள் கம்பெனியில் பள்ளிச் சீருடை தைக்கிறோம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதமும் நாங்கள் மனுஷ ஜென்மமாகவே இருப்பதில்லை. இருட்டோடு வந்து இருட்டோடு போவோம். கடைசி மூட்டை லாரியில் ஏறியதும் முதலாளி மூன்று நாள் லீவு விடுவார். "வீட்ல போய் நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்பார். வீட்டில் ரெஸ்ட் எடுக்க முடியும் என்று நினைக்கிற ஆள் ஆம்பளையாகத்தான் இருக்க முடியும்.

எனக்கு அங்கே இஸ்திரி என்று பெயர். நான் செய்கிற வேலையை வைத்து வந்ததா, மூக்குக்கு மேல் வருகிற கோபத்தை வைத்து வந்ததா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குப் பக்கத்தில் பட்டன் ஓட்டை போடுகிற மெஷினில் இருப்பவள் காஜா. வயதில் சின்னவள், வாய் மட்டும் காது வரைக்கும். மாஸ்டர் எங்கள் இருவருக்கும் மூத்தவள். கட்டிங் மாஸ்டர். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

கல்யாணத்துக்கு முன்பே நூல் வெட்டுகிற வேலைக்கு வந்தவள் அவள். ஒரு சீசன் நடுவில் பழைய மாஸ்டர் முதலாளியோடு சண்டை போட்டுக் கத்தரியை வீசிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் இவளைக் கட்டிங் மேஜை முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு நின்றவள்தான். நிஜமாகவே நிற்கிறாள், அந்த மேஜைக்கு நாற்காலி கிடையாது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மெஷின் கத்தியை ஓட்ட வேண்டும். கத்தி ஒரு விரல் விலகினால் அத்தனை அடுக்குக் கால்சட்டையும் பாழ். அதனால் அவள் வெட்டும்போது யாரும் மூச்சு விட மாட்டோம். முடித்து நிமிர்ந்ததும் எல்லோரும் சேர்ந்து பிடுங்குவோம். எந்தப் பள்ளிக்கு எந்தக் காலர், அதை வெட்டுகிற அளவு அட்டை எந்த ஆணியில் தொங்குகிறது, நீல நூல் வந்ததா வரவில்லையா, எல்லாவற்றுக்கும் மாஸ்டர்தான். முதலாளி தன் மூக்குக்கண்ணாடியைக்கூட அவளிடம்தான் கேட்பார். அது அவர் நெற்றியில் இருக்கும்.

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு கம்பெனி. வீட்டுக்காரர் முதுகுவலி என்று வேலையை விட்டு உட்கார்ந்தவர். முதுகு சரியாகி வருஷக்கணக்காகிறது, உட்கார்ந்தவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மகன் நல்ல பையன், வேலைக்குப் போகிறான். ஆனால் தன் சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இருவருக்கும் மாஸ்டர் பொழுது விடியும் முன்னால் சமைத்து வைத்துவிட்டு வருவாள். திரும்பிப் போய் மறுபடி சமைப்பாள். நடுவில் எப்போது தூங்குவாள் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

இந்த வருஷ சீசனின் கடைசி வாரத்தில் அது நடந்தது. நான் தேய்த்து அடுக்கிய சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டிங் மெஷினின் சத்தம் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. துணிக்குள் போகிற சத்தம் இல்லை, சும்மா ஓடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் நின்றபடியே தூங்குகிறாள். ஒரு கை மெஷின் பிடியில், இன்னொரு கை கத்திக்குப் பக்கத்தில் துணியின் மேல். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"என்னக்கா நீ! நாலு விரலும் போயிருக்கும்!" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். "போயிருந்தா நாலு நாள் ஆஸ்பத்திரில தூங்கியிருப்பேன்டி" என்றாள். சிரிக்கவே இல்லை. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். லீவுக்கு மூன்று பேரும் மலைக்குப் போகிறோம், மாஸ்டர் வராவிட்டால் தூக்கிக்கொண்டாவது போகிறோம். காஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. படகு, குதிரை, பள்ளத்தாக்கு என்று எங்கிருந்தோ படமெல்லாம் எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். மாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நான் வரேன். ஆனா ஒரு இடத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. நான் தூங்கத்தான் வரேன்" என்றாள்.

"தூங்கறதுக்கு இவ்வளவு தூரமா? அதை வீட்லயே செய்யலாமே!" என்றாள் காஜா.

"வீட்ல தூங்க முடிஞ்சா நான் ஏன்டி மலை ஏறுறேன்?"

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. காஜா பாதி வழியிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? மாஸ்டர்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, தன் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றால், "உனக்கு வேகமா தட்டத்தான் தெரியும்" என்றாள்.

லாட்ஜ் ஒரு செங்குத்தான தெருவின் மேல்கோடியில் இருந்தது. மூச்சு வாங்க ஏறிப் போனோம். அறையில் ஈரக் கம்பளி வாடை. சுவரில் பூஞ்சை. குழாயைத் திறந்தால் முதலில் இருமல், பிறகுதான் தண்ணீர். காஜா மூக்கைச் சுளித்து, வேறு அறை கேட்கலாம் என்றாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது சும்மாவா? மாஸ்டர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபோனை அணைச்சு வைக்கா" என்றேன்.

"ஐயோ வேணாம். அணைச்சா பயந்துடுவாங்க." கொஞ்சம் யோசித்து அதை என் கையில் கொடுத்தாள். "நீயே வச்சுக்கோ. முக்கியமான விஷயம்னா மட்டும் என்னை எழுப்பு."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். காஜா கொஞ்ச நேரம் அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ போய் சுத்திப் பாத்துட்டு வாடி, நான் இருக்கேன்" என்றேன். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல ஓடினாள்.

அவள் படி இறங்கியிருக்க மாட்டாள், ஃபோன் அடித்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். வீட்டுக்காரர்.

"டிவி ரிமோட் எங்க?"

"அக்கா தூங்கறாங்க. நான் கூட வேலை பாக்கறவ பேசறேன்."

"அப்படியா. ரிமோட் எங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

கேட்டீர்களா! அவர் வீட்டு ரிமோட்டை இத்தனை மைல் தள்ளி மலைமேல் நிற்கிற என்னிடம் கேட்கிறார். "நீங்க உக்காந்திருக்கற இடத்துக்கு அடியில பாருங்க" என்றேன், வாய்க்கு வந்ததை. எழுந்து துழாவுகிற சத்தம் கேட்டது. "ஆமாம்மா, இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அடுத்து மகன். துவைத்த நீலச் சட்டையைக் காணோமாம். கொடியில் பார்த்தாயா என்றேன். கொடி எங்கே இருக்கிறது என்று கேட்டான். அப்புறம் நாத்தனார், ரவிக்கை வெட்டிக் கொடுக்க வேண்டும், எப்போது வருவாள் என்று. அப்புறம் முதலாளி. லீவு கொடுத்த அதே முதலாளி. ஒரு பள்ளிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறாராம், காலர் அட்டை எங்கே என்று கேட்டார். "சார், அட்டை ஆணியில தொங்குது, மாஸ்டர் கட்டில்ல தூங்கறாங்க. வந்து பேசுவாங்க" என்றேன். யாரது என்று கேட்டார். இஸ்திரி என்றேன். உடனே வைத்துவிட்டார், நல்ல மனுஷன்.

மத்தியானத்துக்குள் எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. நான் நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் நிற்கிறவள். அதற்கே அசராதவள், அந்தச் சின்ன ஃபோனை அரை நாள் வைத்திருந்ததில் துவண்டுவிட்டேன். அது அடிக்காதபோதும் அடிக்கிற மாதிரியே இருந்தது. மாஸ்டர் இதை வருஷம் முழுக்க, கத்தியையும் பிடித்துக்கொண்டு செய்கிறாள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

காஜா குளிரில் மூக்கு சிவந்து, கையில் பன்னும் டீயுமாகத் திரும்பி வந்த நேரத்தில் மறுபடி வீட்டுக்காரர்.

"எனக்கு உடம்பு அனலா கொதிக்குதும்மா. அவளை எழுப்புங்க. முடிஞ்சா ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பச் சொல்லுங்க."

இதைவிட முக்கியமான விஷயம் என்ன இருக்கிறது? எழுப்பினால் மாஸ்டர் கிளம்பிவிடுவாள், அது நிச்சயம். எழுப்பாமல் இருந்து அங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

"எழுப்பிடு. நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலைதான் உருளும்" என்றாள் காஜா.

உள்ளே போனேன். தோளைத் தொடக் கையை நீட்டினேன். கம்பளிக்கு வெளியே மாஸ்டரின் பாதம் தெரிந்தது. வீங்கி, செருப்பு வாரின் தடம் அழியாமல் பதிந்திருந்தது. வலது கையின் கட்டைவிரல் தூக்கத்திலும் கத்தரி பிடித்தது போலவே மடங்கியிருந்தது. எனக்குக் கை போகவில்லை. வெளியே வந்து மகனுக்கு ஃபோன் போட்டேன்.

"தம்பி, உங்க அப்பா நெத்தில கை வச்சுப் பாரு."

போனான், வந்தான். "சாதாரணமாதான் இருக்கு ஆன்ட்டி. இப்பதான் மூக்கு முட்ட சாப்ட்டாரு. அம்மா ஊருக்குப் போனா அப்பாவுக்கு எப்பவுமே இப்படித்தான்."

"சரி, ஒரு காய்ச்சல் மாத்திரை கொடு."

"மாத்திரை எங்க இருக்கும் ஆன்ட்டி?"

"கடைல இருக்கும்டா!" என்று கத்தியதில் கீழே தெருவில் போன குதிரைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

மாஸ்டர் சாயங்காலம்தான் எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர்வீடுகூடத் தெரியவில்லை. எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் கொஞ்ச நேரம் விழித்தாள். முகம் கழுவிவிட்டு வந்தாள். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"யாருமே கூப்பிடலக்கா. நீ நிம்மதியா இரு" என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

அவள் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. "யாருமேவா? ஒருத்தர்கூடவா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "அவரு? பையன்?" என்று கேட்டபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரிமோட், நீலச் சட்டை, ரவிக்கை, காலர் அட்டை, இல்லாத காய்ச்சல். திட்டுவாள் என்று பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "கொடி எங்கன்னா கேட்டான்?" என்று சிரித்தாள். "அவருக்கு நான் தெரு முனைக்குப் போனாலே காய்ச்சல் வந்துடும்டி." முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. காஜாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிடுங்கலுக்கா இவள் இப்படி ஏங்கினாள்?

சிரித்து ஓய்ந்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள். "நான் நல்லபடியா வந்து சேந்தேனான்னு யாராவது கேட்டாங்களா?"

காலையிலிருந்து வந்த ஃபோனையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பஸ் மலைப்பாதையில் போனதே, அங்கே குளிருமே, சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் கேட்டாருக்கா" என்றாள் காஜா, அவசரமாக.

மாஸ்டர் அவளைப் பார்த்தாள். கோபமில்லை. "உனக்குப் பொய் சொல்ல வரல, கண்ணு" என்றாள். "என் கல்யாணத்துலேருந்து அந்த மனுஷன் அதைக் கேட்டதில்ல. இன்னிக்கா கேட்கப் போறாரு?"

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவர்தான். அணைத்துவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். மாஸ்டரே எடுத்துக் காதில் வைத்து, அவர் வாயைத் திறக்குமுன் பேச ஆரம்பித்தாள்.

"நான் நல்லபடியா வந்து சேந்துட்டேங்க. வழியில ஒண்ணும் கஷ்டமில்ல. இங்க நல்லா குளுருது, கம்பளி கொடுத்திருக்காங்க. கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, மத்தபடி உடம்பு பரவால்ல. நல்லா தூங்கினேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் எதையோ கேட்டார்.

"தேயிலை டப்பாவா?" என்றாள் மாஸ்டர். "தெரியலையேங்க. தேடிப் பாருங்க."

ஃபோனை அணைத்து என்னிடம் கொடுத்தாள்.

"அலமாரில ரெண்டாவது தட்டுல இருக்குடி" என்றாள் என்னிடம். "அவரு கண்ணுக்கு நேராத்தான் வச்சுட்டு வந்தேன்."

பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.