சட்டைக் கையில் ஒரு கயிற்று வளையம்

என் அக்கா இருபத்தாறு வருஷமாகச் சாரணர் சீருடை தைக்கிறாள். கைக்கு இருக்கிற பொறுமை வாய்க்குக் கிடையாது. அகலத் தொப்பி போய்ச் சின்னத் தொப்பி வந்தது, அரைக்கால் சட்டை முழுக்கால் ஆனது, எல்லாம் அவள் கத்தரி பார்த்த கதைதான். முன்பெல்லாம் பேட்ஜில் கையாலேயே பூவேலை செய்வார்கள். இப்போது மெஷினில் நெய்து கட்டுக்கட்டாக வருகிறது. மேலிடத்தில் யாருக்காவது பொழுது போகாவிட்டால் படத்தை மாற்றிவிடுகிறார்கள் என்று திட்டுவாள்.

அவளுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். போன மாதம் கயிற்றில் முடிச்சுப் போடும் பரீட்சையில் தேறினாள். புது பேட்ஜ் வந்து சேரவில்லை. அதுவரை பொறுக்கிற ஜென்மமா அது? அக்கா பழைய டப்பாவிலிருந்து கயிற்று வளையம் போட்ட பேட்ஜை எடுத்துச் சட்டைக் கையில் தைத்துக் கொடுத்தாள். அவள் தொழிலுக்கு வந்த காலத்தில் முடிச்சுக்கு அதுதான் படம். அந்தச் சட்டையோடு வாலு ஆற்றங்கரை முகாமுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் புது பேட்ஜ் பெட்டி வந்தது. கூடவே எந்தப் படம் எந்தத் திறமைக்கு என்று ஒரு அட்டவணை. முகாம் நடத்தும் சாரண மாஸ்டர்களுக்கு எப்போதோ போய்விட்ட அட்டவணை, தையல்காரிக்கு அன்றுதான் வந்தது. விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்த அக்கா ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கயிற்று வளையம்: தண்ணீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்றத் தெரிந்தவர்.

"டேய், அவளுக்கு நீச்சலே தெரியாதுடா."

முகாமில் முகத்தைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை, சட்டைக் கையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். முகாம் மாஸ்டருக்குப் போன் அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்தோம். ஒரு மணி நேரப் பயணம். வழி நெடுக அக்கா அந்த அட்டவணையையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு வந்தாள்.

ஆற்றில் சின்னப் பிள்ளைகள் இருபது பேர் இடுப்பளவுத் தண்ணீரில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், ஆழம் தொடங்கும் இடத்தில், கரையிலிருந்து நீண்டிருந்த பாறையின் நுனியில் வாலு தனியாக நின்றாள். கையில் ஒரு கயிறு.

"அந்தப் பொண்ணுதான் எங்க காவல்," என்றார் மாஸ்டர். வேறு பள்ளிக்காரர், வாலுவை அதற்குமுன் பார்த்ததில்லை. "பேட்ஜ் வாங்கின பிள்ளை ஒண்ணு இருந்தா எவ்வளவு நிம்மதி, பாருங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் அலறியடித்துக் கரையேறினார்கள். விஷயம் தெரிந்ததும் மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு தடவை தலைகளை எண்ணினார். இருபதும் இருந்தன. வாலு பாறையிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி!"

"மாஸ்டர் எல்லாரையும் எனக்குக் கை தட்ட வெச்சாரும்மா. அப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு."

"யாராவது முழுகியிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"குதிச்சிருப்பேன்," என்றாள் வாலு. "பேட்ஜ் என் கையிலதானே இருக்கு."

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.