நூதனசாலைக் குசினி

அப்போது எனக்குக் கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. நான்கு ஆண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். டென்மார்க்கில் இருந்த தமிழர்கள் குடும்பத்தைக் கூப்பிட முடியாமல், விண்ணப்பங்கள் எல்லாம் முடங்கிக் கிடந்த வருடங்கள் அவை. என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். குடிவரவுக் கந்தோருக்கு எழுதி எப்போது கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்: "பார்த்துக்கொண்டிருக்கிறோம்." மூன்று வருடம் பார்க்க அதில் என்னதான் இருந்ததோ! மொத்தம் நான்கு தாள்.

வீட்டில் மன்னாரைச் சேர்ந்த அண்ணை ஒருவரும் இருந்தார். அவரும் மனைவிக்காகக் காத்திருந்தவர். ஒருநாள் இருவரும் நேரிலேயே கேட்பதென்று கொப்பன்ஹேகனுக்குப் போனோம். ரயிலே கப்பலில் ஏறிக் கடல் கடந்த காலம். கந்தோரில் ஐந்து நிமிடத்தில் அதே பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பும் ரயிலுக்கு நேரம் கிடந்தது, மழை வேறு. ஒதுங்கப் போன இடம்தான் ஒரு தொழில்நுட்ப நூதனசாலை.

நீராவி இயந்திரங்கள், பழைய கார்கள், கூரையில் தொங்கிய ஒரு விமானம். எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு மூலையில் அந்தக்கால மின்சாரக் குசினி ஒன்றை அப்படியே அமைத்து, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். அடுப்பு, பிரிஜ், உடுப்புத் தோய்க்கும் மெஷின், எல்லாம் வெள்ளை வெளேரென்று. அண்ணை கமராவை எடுத்துவிட்டார்.

"தம்பி, கயித்துக்கு அங்காலை போய் நில்லும். வீட்டிலை பாத்தால் சந்தோசப்படுவினம்."

ஊருக்கு இப்படிப் படம் அனுப்புவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். யாருடையதோ காரில் சாய்ந்து நிற்போம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல கோட். அதை மாறி மாறிப் போட்டு நான்கு பேரும் நான்கு குடும்பத்துக்கு வசதியாக வாழ்ந்தோம். நானும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தாண்டினேன். பிரிஜ்ஜில் கைவைத்துப் பல் தெரியச் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மனைவியின் கடிதம் வந்தது. "குசினி நல்லாயிருக்கு. கதவிலை கொழுவியிருக்கிற பூப்போட்ட ஏப்ரன் ஆருடையது? நீங்கள் அங்கை ஒரு வெள்ளைக்காரியோடை இருக்கிறதாலைதான் எங்களைக் கூப்பிடேல்லை எண்டு சனம் கதைக்குது. நான் நம்பாமல் சண்டை பிடிச்சுக்கொண்டு திரிஞ்சன். இனி என்னெண்டு சண்டை பிடிக்கிறது?"

என்னிடம் இருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது. காட்சிக்கு வைத்தது. கந்தோர்க்காரர் விண்ணப்பத்தைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். மனைவியின் நம்பிக்கையை நானே கெடுத்துவிட்டேன். "அது நூதனசாலை" என்று எழுதினால் யார் நம்புவார்கள்? நூதனசாலையில் பிரிஜ் வைப்பார்கள் என்று ஊரில் யாருக்குத் தெரியும்?

ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தனியே மறுபடி போனேன். காவலுக்கு இருந்த வயதான பெண்மணியிடம் அரைகுறை டேனிஷில் எல்லாவற்றையும் சொல்லிப் படத்தைக் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி எங்கே என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய், நூதனசாலையின் பெயர் அச்சிட்ட தாளில் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்: இந்தக் குசினி எங்களுடையது, இங்கே எவரும் குடியிருப்பதில்லை, ஏப்ரனும் எங்களுடையது. நம்மவர்கள் முத்திரை இல்லாத தாளை நம்பமாட்டார்கள் என்று நான் இழுத்தேன். மேசை லாச்சியைத் துழாவி ஒரு முத்திரையை எடுத்து, ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார். இந்த நாட்டில் என் குடும்பத்துக்காக ஒருவர் முத்திரை குத்தியது அதுதான் முதல் தடவை. அந்த மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தத் தாளை வைத்து அனுப்பிய கடிதத்துக்கும் பதில் வந்தது.

"பள்ளிக்கூட மாஸ்டர் வாசிச்சுச் சொன்னவர். உங்களுக்கு அங்கை வீடுமில்லை, குசினியுமில்லை எண்டு கேட்டதும் எனக்கு வந்த சந்தோசம் சொல்லேலாது. பிறகு அதை நினைச்சுத்தான் அழுதன். புருசனுக்கு ஒண்டுமில்லை எண்டு சந்தோசப்படுற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிட்டாங்கள்."

அவர்கள் வந்துசேர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. விண்ணப்பங்களை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது அதற்குள் நாடறிந்த செய்தியாகிவிட்டது. படம் அனுப்பியதற்கு நான் அடுத்த கடிதத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். விண்ணப்பத்தை வைத்திருந்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.