மிசிருக்குப் போகவிருந்த கால்

அம்மான், என் வலது காலை முறித்தது மாட்டுவண்டி அல்ல. நீங்கள். நான் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தேன் என்று ஊருக்குச் சொன்னீர்கள், ஊர்த் தலைவர் விதானைக்கும் அதையே சொன்னீர்கள். ஊரும் தலையாட்டியது. இத்தனை வருடம் பொறுத்தேன். இனி என்னால் முடியாது. நடந்ததை ஊரும் வெளியூரும் கேட்கச் சொல்கிறேன்.

எல்லாம் ஒரு படத்தில் தொடங்கியது. ஓட்டமாவடியிலிருந்து எங்கள் வயல்வெளிக்கு, வட்டைக்கு, நெல் வாங்க வரும் சோனக முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் காக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய மாமனார் ஹஜ்ஜுக்குப் போய், திரும்பும் வழியில் எகிப்து என்கிற மிசிர் நாட்டையும் பார்த்து வந்தவர். அங்கே வாங்கிய படமொன்றைக் காக்கா நெல் சூடடிக்கும் களத்துக்குக் கொண்டுவந்தார். மணலுக்கு நடுவே கல்தூண்கள், காட்டு மரங்கள் மாதிரி நெருக்கமாக. ஒரு தூணின் அடியில் மனிதன் ஒருவன் நின்றான். முதலில் அவனை நான் கவனிக்கவே இல்லை, அவ்வளவு சிறிதாகத் தெரிந்தான்.

"இது ஆர்ர கோயில் காக்கா?"

"அந்தக் காலத்து ராசாமார்ர. லக்சோர் எண்டு ஊர். இப்ப பூசையுமில்ல, ஐயருமில்ல."

"வண்ணக்கர்?"

எங்கள் பக்கத்தில் கோயிலை நடத்துகிறவரை வண்ணக்கர் என்போம். எங்கள் ஊர் அம்மன் கோயில் வண்ணக்கர் என் தாயோடு பிறந்த அம்மான்தான். காக்காவுக்கு அது தெரியும்.

"வண்ணக்கர் எப்பவோ மவுத்தாப் போனாரு" என்றார்.

"வண்ணக்கர் செத்த கோயிலா? அப்ப நான் கட்டாயம் போகத்தான் வேணும்."

களத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அம்மானுக்குக் கைகட்டி நின்றவன் நான். யாருக்கும் கைகட்ட வேண்டாத ஒரு கோயிலைப் பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது.

அடுத்த வருடம் காக்கா தன் தாயை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போகவிருந்தார். வைக்கோல் கிளறும் கம்பால் களத்து மண்ணில் வழியைக் கீறினோம். நான் கொழும்பில் சீமைக் கப்பல் ஏறிச் சுவேசில் இறங்குவது. ஹஜ் முடிந்ததும் காக்கா ஜித்தாவிலிருந்து அங்கே வருவது. தாயைத் தனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் நைல் ஆற்றங்கரை ரயிலில் தெற்கே போவது.

"அங்க உள்ள சாமிக்கு நாய்த்தலையாம்" என்றாள் என் மனைவி. "அதக் கும்பிட்டுப்போட்டு என்ட அடுக்களைக்க வரப்படா, சொல்லிப்போட்டன்." சொல்லிவிட்டு, போகிற வழிக்கு என்று தடித்த துணியில் பை தைக்க உட்கார்ந்தாள்.

கப்பல் போகும் காலம் எங்கள் அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நடக்கும் காலம். அங்கேதான் வெட்டுக்குத்து வந்தது.

சடங்கு முடிவில் ஊரின் குடிகளை, தாய்வழி வம்சங்களை, வரிசையாகக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். முதலில் கூப்பிடப்படுவது எங்கள் குடி. இரண்டாவது என் மனைவியின் குடி. இந்த வரிசைக்காக எங்கள் ஊரில் மண்டைகள் பிளந்திருக்கின்றன. முன்பெல்லாம் எங்கள் குடிக்காகக் கை நீட்டி அதை வாங்கியது அம்மான். வயதானதும் அந்த வேலையைச் சபை நடுவே எனக்குத் தந்தார்.

சடங்குக்கு நாள் பார்க்கக் கோயில் முற்றத்தில் கூடினோம். நான் வரமாட்டேன், மிசிருக்குப் போகிறேன் என்றேன்.

"செத்தவன்ட கோயிலப் பாக்கப் போறியா?" என்றார் அம்மான். "அப்ப குடிக்கு ஆர் கை நீட்டுற?"

"என்ட மகன் நீட்டட்டும்."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி. நான் பெற்ற மகன் என் குடி அல்ல, என் மனைவியின் குடி. அவனை முதலில் நிறுத்தினால் இரண்டாம் குடி முதலாம் குடியாகிவிடும். எனக்கு அது தெரியாமலில்லை. முறைப்படி எனக்குப் பின் வர வேண்டியவன் அக்காவின் மகன், ஆனால் என் அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லை. என் ரத்தம் ஒரு வருடம் பிரசாதத்தை வாங்கினால் வானம் இடிந்து விழாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் மனைவியின் தமையன் பின்னாலிருந்து சத்தம்போட்டான்: "கேட்டீங்களா? இந்த வருசம் முதல் கூப்பாடு எங்களுக்கு! வண்ணக்கர், மெல்ல அங்கால தள்ளி நில்லுங்க!"

அம்மான் அவனை அடிக்கவில்லை. மதிலில் சாத்தியிருந்த மண்வெட்டியின் பிடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். உடனே என் குடி ஆட்கள் என்மேல் பாய்ந்தார்கள், என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஒருவன் என் கழுத்தை நெரித்தான். அவன் காதைக் கடித்தேன், ஒரு துண்டு என் வாயோடு வந்தது. துப்பினேன். என் மனைவியின் ஆட்கள் கொட்டன் தடிகளோடு புகுந்தார்கள். அம்மன் வாசலில் தேங்காய்த் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ரத்தம் கிடந்தது. இரண்டு பேர் என் காலை நடைக்கல்லின்மேல் இழுத்து வைத்துப் பிடித்தார்கள். அம்மான் பிடியைத் தலைக்குமேல் ஓங்கினார்.

"போடா. இப்ப போ மிசிருக்கு."

எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு அடியோடு அவர் நிறுத்தவில்லை.

பாஸ்போர்ட்டுக்காக என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போகக் காக்கா தெருவில் வண்டியோடு நின்றார். கூச்சல் கேட்டு ஓடிவந்தார். "சோனகனுக்கு எங்கட கோயில்ல என்ன வேல?" என்று அவரையும் உதைத்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள். கிழிந்த சட்டையோடு என்னைத் தூக்கி அதே வண்டியில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். என்னை வண்டியில் கிடத்தியதை ஊர் பார்த்தது. வண்டியிலிருந்து விழுந்த கதை அங்கே பிறந்தது. அன்று மாலையே வட்டையில் நான் காவலுக்குப் படுக்கும் வாடியைக் கொளுத்தினார்கள்.

கால் கோணலாகப் பொருந்தியது. கப்பல் போய்விட்டது. காக்கா தாயோடு போய், லக்சோரையும் பார்த்து வந்து, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். தூண்களின் உச்சி தாமரை மொட்டு மாதிரி, நிழலில் நின்றால் அந்த வெயிலிலும் குளிர்கிறது என்று சொன்னார். கையில் அகப்பட்ட செம்பை அவர்மேல் எறிந்தேன். நெற்றி வெடித்தது. உடுத்திருந்த சாரன் நுனியால் ரத்தத்தைத் துடைத்தார்.

"எறிஞ்சி முடிச்சிட்டியா? மறுகா கேளு. ஒனக்குச் சொல்லத்தான் போய்ப் பாத்தன்."

முழுவதையும் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

இதை எல்லாம் நான் விழுங்கியிருப்பேன், அம்மான். ஒன்றை விழுங்க முடியவில்லை. நான் ஆசுபத்திரியில் கிடந்த அந்த வைகாசியில் என் மனைவி சடங்குக்குப் போனாள். எங்கள் குடியின் பெயரைக் கூப்பிட்டதும் நீங்கள் எழும்பினீர்களாம். உங்களைத் தாங்கி நின்ற உங்கள் மகன்தான் இரண்டு கையையும் நீட்டிப் பிரசாதத்தை வாங்கினானாம். ஒருவரும் தடுக்காமல் அடுத்த குடியைக் கூப்பிட்டார்களாம். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அவன்தான் வாங்குகிறான். நான் தெருவில் நின்று என் கண்ணால் பார்க்கிறேன்.

உங்களைக் கட்டிய மாமி வேறு குடி. அவள் பெற்ற மகனும் வேறு குடி. ஊருக்கே தெரியும்.

வருகிற வைகாசியில் நான் கம்பை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்குள் வருவேன். எல்லாக் குடியும் நிற்கும்போது, முதல் பெயரைக் கூப்பிடுவதற்கு முன், வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள், வண்ணக்கர். உங்கள் மகன் எந்தக் குடி?