நோரூஸ் வந்தால் நாலு வயது

குதிரை மேய்க்கும் மலைநாட்டில், நாரின் நகரில், ரொட்டிக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். காணாமல் போன குதிரைகளைத் தேடித் தரும் இணையதளம் நடத்துகிறோம், இரண்டே பேர். படம், பொத்தான் எல்லாம் என் வேலை. அதற்கே நான் பேர் வாங்கிக்கொள்வேன். நிஜமான வேலை புருல்சாவுடையது. தொலைத்தவர் எழுதியதையும் கண்டெடுத்தவர் எழுதியதையும் பொருத்திக் காட்டும்படி தரவுத்தளத்திடம் அதன் மொழியிலேயே கேட்பவள் அவள்தான். முப்பத்தைந்து வயது, குதிரை மேய்த்த குடும்பம், வாய் சும்மா இருக்காது. அவள் எழுதிய வினவல் சரியான பதிலைக் கொண்டுவந்தால் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

மே மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலைத் தேநீர் ஆறுவதற்குள் டோக்டோசுன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிப்ரவரிப் பனிப்புயலில் அவர் குதிரை ஓடிவிட்டது.

“மூணு மாசமா தெனமும் பாக்குறேன். பொருத்தம் இல்ல, பொருத்தம் இல்லன்னே சொல்லுது. நாளைக்கு ஆட்பாஷி சந்தை. எவனாவது கறிக்கு வித்துட்டா அப்புறம் பொருத்தம் பாத்து என்ன, கல்யாணமா பண்ணி வெக்கப்போறீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “குதிரைய அவுத்து விட்டது நாங்களா அண்ணே?” என்றேன்.

“நீ சும்மா இரு. அண்ணே, உக்காருங்க. குதிரையப் பத்திச் சொல்லுங்க,” என்றாள் புருல்சா.

செம்பழுப்பு நிறம். வலது பின்னங்கால் வெள்ளை. வயது மூன்று. இந்த மூன்றும் ஒத்துப்போகும் குதிரைகளைக் கேட்டாள். ஒன்றும் வரவில்லை. வெள்ளைக்கால் நிபந்தனையை எடுத்துவிட்டுக் கேட்டாள். செம்பழுப்பில் மூன்று வயதுக் குதிரைகள் ஐந்து வந்தன. எதற்கும் வெள்ளைக்கால் இல்லை. காலைத் திரும்பச் சேர்த்து, வயதை எடுத்தாள்.

ஒரே ஒரு வரி வந்து நின்றது. செம்பழுப்பு, வலது பின்னங்கால் வெள்ளை, வயது நான்கு. பதிவான நாள் ஏப்ரல் எட்டு.

புருல்சா தலையில் அடித்துக்கொண்டாள். “அடச்சே! நோரூஸ்!”

எங்களுக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் எந்தக் குதிரைக்கும் தனிப் பிறந்தநாள் கிடையாது. மார்ச்சில் நோரூஸ் புத்தாண்டு வந்தால் எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடிவிடும். பிப்ரவரியில் மூன்று என்று எழுதியவரும் சரி, ஏப்ரலில் நான்கு என்று எழுதியவரும் சரி. இரண்டும் சமமா என்று கேட்ட வினவல்தான் தப்பு. நடக்கப் பழகும் முன்பே குதிரைமேல் உட்கார்ந்தவள் அதை எழுதியிருக்கிறாள். நானும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்!

கண்டெடுத்தவரை டோக்டோசுனே போனில் அழைத்தார்.

“லாரியில ஏத்திக்கிட்டு இருக்கேன்யா,” என்றது மறுமுனை. “ஒரு மாசம் காத்திருந்தேன், ஒருத்தனும் கேக்கல. சரி, எடது காதுல என்ன இருக்கு?”

“சின்னக் கிழிசல்! ஓநாய் கடிச்சது!”

“எறக்குங்கடா!” என்று அங்கே கத்தியது இங்கே மூவருக்கும் கேட்டது. டோக்டோசுன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெட்கமில்லாமல் நானும் அழுதேன்.

புருல்சா நாற்காலியோடு சுற்றவில்லை. புது வினவலை விறுவிறுவென்று தட்டிக்கொண்டிருந்தாள். வயதைக் கேட்காதே, பதிவான நாளையும் எழுதிய வயதையும் வைத்து எந்த வசந்தத்தில் பிறந்ததென்று கணக்கிடு, நோரூஸில் ஆண்டு மாறட்டும், அந்த வசந்தங்களைப் பொருத்து. எழுதி முடித்து, இதுவரை பொருந்தாமல் கிடந்த எல்லாப் பதிவுகள் மேலும் ஓட்டினாள்.

பத்தொன்பது ஜோடிகள் வந்தன.

“பத்தொம்பது வீடு,” என்றாள் மெதுவாக. “என்னால.” உடனே போனை எடுத்தாள். “நாளைக்குச் சந்தை. இன்னிக்கே எல்லாருக்கும் சொல்லணும்.”

“அண்ணே, நீங்க கெளம்புங்க, குதிரை காத்திருக்கும்,” என்றேன்.

“அதான் எறக்கியாச்சே, எங்க ஓடப்போகுது?” தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து அவள் எதிரே உட்கார்ந்தார். “எனக்கு ஒரு பத்து நம்பர் குடு தங்கச்சி.”

முதல் எண்ணை அழுத்தினார். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

“என்னை உனக்குத் தெரியாதும்மா,” என்றார் டோக்டோசுன். “ஒன் குதிரை உசிரோட இருக்கு.”